அப்பத்தா சொல்வது பொய்யா?

அன்புள்ள கயல்,

போகாத கல்யாணத்துக்குப் போய்வந்ததாக அப்பத்தா சாதிக்கிறார், பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது வரை சொல்கிறார், இப்படிக் கூசாமல் பொய் சொல்லலாமா என்று எழுதியிருந்தாய். உண்மை தெரிந்தும் மாற்றிச் சொன்னால்தான் பொய். அப்பத்தாவைப் பொறுத்தவரை அவர் அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்தான்.

சந்தேகமிருந்தால் உன் தோழியிடம் சோதித்துப் பார். கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு, போர்வை, குறட்டை, கொட்டாவி என்று பதினைந்து சொற்களை நிதானமாகப் படித்துக் காட்டு. பிறகு நினைவிருப்பதை எழுதச் சொல். பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ அவள் தாளில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. 1959இல் உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் தொடங்கிவைத்த இந்தச் சோதனையை 1995இல் ரோடிகரும் மெக்டெர்மட்டும் மீண்டும் நடத்தினார்கள். அதில் ஏமாந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், கிழவர்கள் அல்ல!

வயது ஏற ஏற இப்படி ஏமாறுவது கூடுகிறது. யார், எங்கே, என்ன நிறப் புடவை என்ற விவரங்களை ஒன்றாக முடிந்துவைப்பது மூளையிலுள்ள ஹிப்போகாம்பஸ். முதுமையில் அது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. விவரம் உதிர்ந்தாலும் சாரம் உதிர்வதில்லை. பொருளைப் புரிந்துவைக்கும் பக்க மடல் பகுதிகள் முதுமையிலும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஐம்பது கல்யாணங்களைப் பார்த்தவருக்கு ஐம்பத்தொன்றாவதைக் கட்டி எழுப்பச் சாரம் போதாதா?

இன்னொன்று, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மடல். பத்திரிகையில் பிழை திருத்துபவரைப் போல, ‘இது நீ பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா?’ என்று விசாரிப்பது அதன் வேலை. அந்த விசாரணை தளர்ந்தால், சின்னத்தை சொன்ன கதை தன் கதையாகிவிடும். ஆனால் எல்லாக் கிழவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதே. முன்மடல் சோதனைகளில் நன்றாகத் தேறிய முதியவர்கள் இளைஞர்களைவிட அதிகமாக ஏமாறவில்லை என்று 2004இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

கல்யாணக் கதையை விட்டுவிடு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வாட்ஸாப்பில் வந்த சர்க்கரைப் பொடியை அப்பத்தா நம்புகிறார் என்றாயே, அங்கேதான் கவனம் வேண்டும். ‘இந்தப் பொடி சர்க்கரையைக் குறைக்கும் என்பது பொய்’ என்று நீ தினமும் சொன்னால் வினை. 2005இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு தகவல் பொய் என்று முதியவர்களிடம் எத்தனை முறை கூடுதலாகச் சொன்னார்களோ, மூன்று நாள் கழித்து அத்தனைக்கு அதிகமாக அதை மெய்யென்று நினைத்தார்கள். காதில் விழுந்தது பழகிப்போய்விட்டது. கூடவே வந்த ‘பொய்’ நழுவிவிட்டது.

அதனால் பொடியின் பெயரையே எடுக்காதே. டாக்டர் எழுதிய மாத்திரை எது, எந்த வேளைக்கு என்பதை மட்டும் சொல். அதையே பெரிய எழுத்தில் எழுதி மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிவை.

அன்புடன்,
சித்தப்பா