சுழலும் பிளேடுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த கம்பி

அச்சுவழி விசிறியின் ரோட்டருக்குப் பின்னால் ஐந்துதுளை புரோபை வைத்தால் எண்கள் சீராகத்தான் வரும். ஆனால் 20 பிளேடுகள் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், 2 மில்லிவினாடிக்கு ஒரு பிளேடு புரோபைக் கடக்கிறது. புரோபின் அழுத்தக் குழாய்கள் அவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டாது. பிளேடு விட்டுச்செல்லும் மந்தமான காற்றான பின்னோட்டம், நுனி இடைவெளியில் கசிந்து சுருளும் சுழல் இரண்டுமே ஒரே சராசரிக்குள் கரைந்துவிடும். நான் பார்க்க விரும்புவதோ அவற்றைத்தான்.

அதற்கு எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒற்றைச் சாய்வு ஹாட்-வயர். மின்சாரத்தால் சூடாக்கப்படும் 5 மைக்ரான் தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பி, புரோபின் அச்சுக்கு 45 பாகை சாய்ந்திருக்கும். புரோபை அந்த அச்சிலேயே திருப்பித் திருப்பி நிறுத்தினால், காற்று ஒவ்வொரு நிலையிலும் கம்பியை வெவ்வேறு அளவில் குளிர்விக்கும். அந்த வேறுபாட்டிலிருந்து வேகத்தின் மூன்று கூறுகளையும் கணக்கிடலாம். கொள்கையளவில் மூன்று நிலைகள் போதும். நான் ஆறு எடுப்பேன். கம்பிக்கு இணையாகக் காற்று வரும் நிலையில் குளிர்வு விதி தடுமாறும், அதைக் கழித்தாலும் கையில் மிச்சம் இருக்கும். திருப்பும்போது கம்பியின் நடுப்புள்ளி இம்மியும் இடம் மாறக் கூடாது. நுனிச் சுழலுக்குள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது வேறு காற்று.

ஆறு நிலைகளையும் வெவ்வேறு நேரத்தில் அளந்துவிட்டு எப்படிச் சேர்ப்பது? பிளேடு இருக்கும் கோணத்தை வைத்துத்தான். ஷாஃப்ட்டில் என்கோடரைப் பொருத்தி, அதன் துடிப்பாலேயே மாதிரி எடுக்கச் செய்யுங்கள். கணினிக் கடிகாரத்தை நம்பினால், மோட்டாரின் வேகம் சற்றே ஏறி இறங்கும்போது பின்னோட்டத்தின் கூர்மையான பள்ளம் மழுங்கிவிடும். பல நூறு சுற்றுகளைக் கோணவாரியாகச் சராசரியாக்குங்கள். கூடவே ஒவ்வொரு கோணத்திலும் எஞ்சும் ஏற்ற இறக்கத்தையும் வரையுங்கள். நுனிச் சுழலின் இருப்பிடம் பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

அளவுதிருத்தத்தை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்யுங்கள். காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினாலே வேகத்தில் சுமார் 2 சதவீதம் பிழை நுழையும். விசிறி ஓட ஓட அறை சூடாகிக்கொண்டே போகும். அதனால் புரோபுக்கு அருகிலேயே ஒரு தெர்மோகப்பிள் வைப்பேன்.

முடிவுகள் வந்ததும் அச்சுத்திசை வேகத்தை வளையப் பரப்பு முழுவதும் தொகுத்து, நுழைவாயின் நிலையழுத்தத்திலிருந்து கிடைக்கும் ஓட்ட அளவோடு ஒப்பிடுவேன். பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகப்படுவது உறையை ஒட்டிய புள்ளிகளை. உலோகச் சுவர் கம்பியின் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், அங்கே வேகம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.