சித்திரையில் சமயபுரம்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

 வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் திருச்சிக்கு வரலாமா என்று கேட்டால், "சித்திரையில் வேண்டாம், மார்கழியில் வாங்க" என்று நாமே தடுத்துவிடுகிறோம். வெயிலுக்கு அது சரியான பதில், ஊருக்குச் சரியான பதில் இல்லை. திருச்சிக்குப் பக்கத்துச் சமயபுரத்து மாரியம்மன் தேரேறுவது சித்திரை முதல் செவ்வாயில். ஸ்ரீரங்கத்தில் 1383இல் விருப்பண்ண உடையார் காலத்தில் தொடங்கி அவர் பெயராலேயே வழங்கும் விருப்பன் திருநாளும் சித்திரையில்தான். கிராமத்து ஜனங்கள் குடும்பத்தோடு திரண்டு வரும் மாதம் இது.

"தேர் அக்னி நட்சத்திரத்தில் வருகிறது" என்கிறார்கள். இல்லை. கத்திரி என்கிற அந்த அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே 4ஆம் தேதி வாக்கில். தேர் ஏப்ரல் நடுவிலேயே ஓடிவிடும். அதற்காக அலட்சியம் கூடாது. ஏப்ரல் பகலிலேயே தார்ச்சாலை காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும், சமயபுரத்துக்கு வெறுங்காலோடு நடந்து வரும் பக்தர்களின் பாதம் பொத்துப்போகும். இரவில் நடப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நெடுஞ்சாலையில் மஞ்சள் துணி மட்டும் லாரி ஓட்டுநர் கண்ணில் படாது. ஒளி பிரதிபலிக்கும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக நடங்கள்.

அம்மனின் பச்சைப் பட்டினி தேர் வரை நீளும் என்பதும் தவறு. மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கும் அந்த 28 நாளும் பங்குனி கடைசி ஞாயிறோடு முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். பக்தர்களுக்காக அம்மனே பட்டினி கிடக்கும் தலம் இது. அவளோடு சேர்ந்து விரதம் இருப்பவர்களில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தங்கள் பட்டினியைத் தேர் நாள் வரை இழுக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கைகளில் அதிகம் மனதை உறுத்துவது அம்மை பற்றிய பேச்சு. "சூட்டினால் வருவது, மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள்" என்று இன்றும் சொல்கிறார்கள். பெரியம்மை இந்தியாவில் 1975க்குப் பிறகு இல்லை; 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை விரட்டியது தடுப்பூசி. இப்போது வருவது பெரும்பாலும் சின்னம்மை, ஒரு வைரஸால் வருவது. வெயில் அதை உண்டாக்குவதில்லை. முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள் என்றால் வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. முத்து போட்ட முதல் நாளே மருத்துவரிடம் காட்டினால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வேப்பிலை கட்டி ஆளைத் தனியாக வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே கோயிலுக்குக் கூட்டிப்போகும் நம் பழைய வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது. அதை முழுதாகக் கடைப்பிடியுங்கள்: பொருக்குக் காயாத பிள்ளையைத் தேர்க் கூட்டத்துக்குத் தூக்கி வராதீர்கள். வேண்டுதலை ஆடியில் செலுத்தினாலும் ஆத்தா ஏற்றுக்கொள்வாள்.

கொள்ளிடத்தில் முங்கிவிட்டுப் போகலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சித்திரையில் ஆறு பெரும்பாலும் மணல். அங்கங்கே தேங்கிய குழிகளின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

கடைசியாக, சமயபுரம் என்றால் மாரியம்மன் மட்டும்தான் என்ற எண்ணம். இது பழைய கண்ணனூர். 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரன் இங்கே தலைநகர் வைத்து ஆண்டான். அவன் எடுத்த போசளேசுவரம், இன்று போஜீசுவரர் கோயில் என்ற பெயரில் மாரியம்மன் கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. தேர்க்கூட்டம் தேரைச் சுற்றி நிற்கும்போதும் அங்கே நிதானமாகச் சுற்றி வரலாம்.