ஆகார சுத்தியும் அருள் நெஞ்சமும்

பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்களுள் மூவகையினர் உளர். பிறந்தது முதல் புலால் உண்ணாதோர் ஒரு சாரார். புரட்டாசித் திங்கள் முழுவதும் அதனை விலக்கி நோன்பு காப்போர் மற்றொரு சாரார். சனிக்கிழமையிலும் திருவிழா நாளிலும் மட்டும் விலக்குவோர் பின்னொரு சாரார். மூவரும் ஒரே வரிசையில் நின்று தீர்த்தமும் திருத்துழாயும் ஸ்ரீசடாரியும் பெறுகின்றனர். ஆயினும், "புலாலை ஏன் விலக்குகிறீர்?" என்று வினவின், "எங்கள் வழக்கம்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. வழக்கம் நன்றே, அதன் காரணம் அறிந்து ஒழுகுவது அதனினும் நன்று. ஆதலின் அக்காரணத்தை இத்திருவிழா நாளில் ஒருவாறு ஆராய்வோம்.

எழுவகைச் சாதனம்

சாந்தோக்கிய உபநிஷத்தின் ஏழாம் அத்தியாய முடிவில், சனத்குமாரர் நாரதருக்கு உபதேசிக்குமிடத்தில், உணவு தூயதானால் உள்ளம் தூயதாகும். உள்ளம் தூயதானால் இறைநினைவு நிலைபெறும். அந்நினைவு நிலைபெற்றால் கட்டுகள் யாவும் அவிழும் என்ற கருத்துக் கூறப்படுகிறது. ஈண்டு 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு, ஐம்புலன் வழியாக உட்கொள்ளப்படும் அனைத்தும் என்று ஆதிசங்கரர் பொருள் கொண்டார். பகவத் ராமாநுஜரோ வாயால் உண்ணும் உணவென்றே கொண்டு, அதனை முக்திநெறியின் முதற்படியாக வைத்தார்.

ஸ்ரீபாஷ்யத்தின் முதற் சூத்திர விளக்கத்தில், வாக்கியகாரர் என்னும் பண்டை ஆசிரியரைத் துணைக்கொண்டு, இடையறாத இறைநினைவைப் பெறுதற்கு ஏழு சாதனங்களை உடையவர் எடுத்துரைக்கிறார். அவை விவேகம், விமோகம், அப்யாசம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன. முதலாவதான விவேகமாவது, குற்றமற்ற உணவால் உடலைத் தூய்மையாக வைத்தல். உணவின் குற்றம் மூவகைத்து. பொருளின் இயல்பிலேயே அமைந்த குற்றம் ஜாதி தோஷம். அப்பொருளுக்கு உரியவரைப் பற்றி வருவது ஆச்ரய தோஷம். எச்சில், மயிர் முதலியன கலத்தலால் வருவது நிமித்த தோஷம்.

நம்மில் பலர் இம்முதற் சாதனத்தோடு நின்றுவிடுகிறோம். ஐந்தாவதான கல்யாணம் என்பது யாது? வாய்மை, நேர்மை, தயை, ஈகை, அஹிம்சை, பிறர் பொருள் விழையாமை ஆகிய குணங்களின் தொகுதியே அது. ஆக, தூய உணவு ஒரு சாதனம். உயிர்களிடத்து இரக்கம் மற்றொரு சாதனம். முதலாவதைக் காத்து ஐந்தாவதைக் கைவிட்டவன், கலத்தில் காய்கறியை வைத்துக்கொண்டு நெஞ்சில் கடுமையை வைத்தவனாவான். ஏழாவதான அநுத்தர்ஷமோ மிகுகளிப்பின்மை. "யான் பிறரினும் தூயவன்" என்று ஒருவன் தன் இலையைப் பார்த்துத் தானே பூரித்தால், முதற்படியில் பெற்றதை ஏழாம்படியில் இழக்கிறான். இம்மூன்றையும் ஒருங்கே நினைவிற் கொள்வார்க்கே உணவு நெறியின் பொருள் விளங்கும்.

விலை கொடுப்போனும் கொலைஞனே

"யான் கொல்லவில்லை, கடையில் விற்பதை வாங்குகிறேன், இதில் என் குற்றம் என்ன?" என்பது பழமையான கேள்வி. மஹாபாரதத்தின் அநுசாஸந பர்வத்தில், அம்புப் படுக்கையிற் கிடந்த பீஷ்மர் தருமபுத்திரருக்கு இதற்கு விடை கூறுகிறார். பொருள் கொடுத்து வாங்குவோன் பொருளாலும், சுவைத்து உண்போன் அந்நுகர்ச்சியாலும், கட்டி வெட்டுவோன் தன் கையாலும் கொல்கின்றனர். மூவருக்கும் கொலையில் பங்குண்டு என்பது அவர் கருத்து. மநுவின் நூலோ இசைவு தருவோன், அறுப்போன், விற்போன், சமைப்போன், பரிமாறுவோன் முதலியோரையும் அக்கணக்கிற் சேர்க்கிறது. திருவள்ளுவரும், உண்பார் இல்லையெனில் விற்பாரும் இரார் என்னும் வணிக உண்மையைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்தார்.

அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருத்தலால் அது துறவியர்க்கே உரியது என்பாரும் உளர். ஆயினும் அதே இயலில்தான் அருளுடைமையும் வாய்மையும் வெகுளாமையும் உள்ளன. அவை இல்லறத்தானுக்கு வேண்டா என்று எவரும் சொல்லத் துணியார்.

பண்டைத் தமிழகம் முழுதும் சைவ உணவே உண்டது என்று கூறுவதும் உண்மையன்று. அந்தணராகிய கபிலரே வள்ளல்கள் அளித்த ஊனையும் சோற்றையும் புறநானூற்றில் மகிழ்ந்து பாடியுள்ளார். அசோக மன்னர் தம் முதற் பாறைக் கல்வெட்டில், முன்பு அரண்மனை மடைப்பள்ளிக்கு நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரு மயில்களும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் பொறித்தார். இவற்றால் நாம் அறிவது யாது? புலால் மறுத்தல் மனிதனுக்குத் தானே வாய்த்ததன்று. அவன் எண்ணி, தயங்கி, சிறிது சிறிதாகத் தேர்ந்துகொண்ட அறம்.

வேள்வி பற்றிய ஐயம்

"வேதவேள்வியிலேயே பசு விதிக்கப்பட்டதன்றோ?" என்பது அடுத்த ஐயம். இதற்குச் சாந்தி பர்வத்தின் நாராயணீயப் பகுதியில் உள்ள உபரிசரவசுவின் வரலாறு தக்க விடையாகும். அவ்வரசன் பரம பாகவதன். அவன் இயற்றிய அசுவமேதத்தில் எவ்வுயிரும் கொல்லப்படவில்லை. காட்டில் விளைந்த பொருள்களாலேயே அவி அமைந்தது. ஸ்ரீஹரி பிறர் கண்ணுக்குப் புலனாகாமல் தாமே எழுந்தருளி அதனை ஏற்றார்.

பின்னர் ஒரு காலத்தில், வேள்விக்குரிய 'அஜம்' என்ற சொல்லுக்கு விதை என்று முனிவரும், ஆடு என்று தேவரும் பொருள் கூறி வாதிட்டனர். நடுவனாக நின்ற வசு, தேவர் பக்கம் சாய்ந்து ஆடு என்றான். அக்கணமே வானினின்று வீழ்ந்து நிலத்தின் பிளவினுள் அடைபட்டான். அங்கும் நாராயணனை மறவாது வழிபட்டமையால், கருடாழ்வானால் மீண்டும் மேலேற்றப்பட்டான். கொல்லாத வேள்வியை நேரில் இயற்றியவனே, சொல்லின் பொருளில் வளைந்தபோது வீழ்ந்தான் என்பது சிந்திக்கத்தக்கது. ஸ்ரீமத் பாகவதமும், வேள்வியில் ஊனுக்கு இடந்தந்தது ஆசையை வளர்த்தற்கன்று, கட்டுப்படுத்தி விலக்குதற்கே என்று பதினோராம் ஸ்கந்தத்தில் தெளிவிக்கிறது. ஆதலின் வேள்வியைக் காட்டி நாவின் சுவைக்கு அனுமதி தேடுதல் பொருந்தாது.

செடிக்கும் உயிருண்டே?

"காய்கறிக்கும் உயிருண்டு, உழவிலும் எண்ணற்ற புழுக்கள் மடிகின்றன, பின் யார்தாம் கொல்லாதவர்?" என்பது மூன்றாம் ஐயம். இதனை முதலில் எழுப்பியவர் இக்காலத்தவர் அல்லர். வனபர்வத்தில், மிதிலை நகரத்து இறைச்சிக் கடையில் அமர்ந்திருந்த தருமவியாதர், தவத்தால் செருக்குற்ற கௌசிகர் என்னும் அந்தணருக்கு இதனையே கூறுகிறார். ஏர் ஓடும் வழியெல்லாம் உயிர் மடிகிறது. நெல் முதலிய விதைகளும் உயிருடையனவே. நடப்போர் காலடியிலும் உயிர்கள் நசுங்குகின்றன. முற்றும் கொல்லாதார் எவருமிலர் என்கிறார் அவர்.

ஆனால் இவ்வுண்மையிலிருந்து அவர், "ஆதலால் எதையும் உண்க" என்ற முடிவுக்கு வரவில்லை. குலத்தொழிலாக இறைச்சி விற்றாராயினும், தம் கையால் எவ்வுயிரையும் கொன்றாரல்லர். தாம் ஊன் உண்டாருமல்லர். முழுமை இயலாது என்பதற்காக, இயன்றதைக் கைவிடலாகாது என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம். வீட்டை முற்றும் தூசியின்றி வைத்தல் இயலாதென்று எவரும் பெருக்குவதை நிறுத்துவதில்லை. தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்த்தலே மனிதனால் இயலும் அஹிம்சை. அதன்றியும், நெறியறிந்த அந்தணர் இறைச்சிக் கடைக்காரரிடம் அறம் கேட்கச் சென்றார் என்பதை மறவாதிருப்போமாக.

குகன் கொணர்ந்த காணிக்கை

கம்பநாட்டாழ்வார் பாடிய குகப் படலத்தில், கங்கைக் கரை வேடர் தலைவனாகிய குகன், இராமபிரானுக்கென்று தேனும் மீனும் கொண்டுவந்து நிற்கிறான். உடனிருந்தோர் வயது முதிர்ந்த தவமுனிவர். பெருமான் அவற்றை உண்டாரல்லர். தவவேடம் பூண்டவர் உண்ணவும் மாட்டார். ஆயினும் முகம் சுளித்தாரா? இல்லை. முனிவரை நோக்கிப் புன்முறுவல் பூத்து, அன்பினால் கொணர்ந்த இவை அமுதினும் சிறந்தவை, தூயவை, யாம் உண்டதற்கே ஒக்கும் என்ற கருத்துப்பட மொழிந்தருளினார். தம் நெறியையும் விடவில்லை. குகன் நெஞ்சையும் நோகச் செய்யவில்லை. அவனைத் தம்பியாகவும் கொண்டார். அவ்வருளை நினைந்தே திருமங்கையாழ்வார் திருவரங்கத்துப் பதிகத்தில் பெருமான் திருவடியிற் சரண்புகுகிறார்.

இக்குணம் நம் திருத்தலங்களில் இன்றும் விளங்குகிறது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசிமகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அத்தலத்துப் பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் தோன்றியவர் என்பது தலவரலாறு. ஆதலின் மீனவப் பெருமக்கள் எம்பெருமானைத் தங்கள் மாப்பிள்ளையாகவே கொண்டாடி எதிர்கொள்கின்றனர். கடலே பிழைப்பாகக் கொண்டவர் தோளில் கமலக்கண்ணன் மகிழ்ந்து எழுந்தருளுகிறான். அவன் வெறுக்காதவர்களை வெறுக்க நமக்கு என்ன உரிமை உண்டு? புலால் மறுத்தல் ஓர் உயிரின் துன்பத்திற்கு இரங்குவதாயின், அது மனிதனை இழிவுபடுத்தும் கருவியாக ஒருபோதும் ஆகலாகாது. வீடு வாடகைக்குத் தருமிடத்தும் பந்தியில் அமருமிடத்தும் பிறர் உணவைச் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்துவோன், நாவால் ஊன் உண்ணாவிடினும் சொல்லால் உயிரை வருத்துகிறான்.

இக்கால நிலையும் பாலின் கணக்கும்

முன்னாளில் ஒரு வீட்டார் ஒரு கோழியை அறுத்தது ஆண்டில் சில நாள்களே. இன்று உலகில் ஓராண்டில் உணவுக்காகக் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகளும் பறவைகளும் 8,000 கோடிக்கும் மிகுதி. மீன்கள் இக்கணக்கில் சேரா. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கோழிகள். சிறகை விரிக்கவும் இடமில்லாக் கூண்டுகளிலே வாழ்நாளைக் கழிப்பன பல. மனிதர் செயலால் வெளிப்படும் வெப்ப வளிகளில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பினால் விளைவது என்று உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டு அறிக்கையில் கணித்தது. எனவே இது ஒருவர் இலையோடு முடியும் செய்தியன்று.

பால் உண்போரும் இக்கணக்கினின்று தப்ப இயலாது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈன்ற கன்று காளையாயின், உழவுக்கு இயந்திரம் வந்துவிட்ட இந்நாளில் அதனைப் பேணுவார் அருகினர். கறவை நின்ற பசுவும் பல இடங்களில் விற்கப்படுகிறது. கண்ணன் கன்று மேய்த்தவன். கன்றுக்குப் பாலின்றிக் கறந்ததை அவன் திருவுள்ளம் உவக்குமோ? திருப்பாவை நோன்பிருந்த ஆயர் சிறுமியர், தங்கள் இல்லத்தே நிறைந்திருந்த பாலையும் நெய்யையுமே நோன்பு நாளில் விலக்கினர். தகுந்த பொருளிலும் அடக்கம் வேண்டும் என்பதை அவர்கள் ஒழுகிக் காட்டினர்.

கடைப்பிடிக்கும் முறை

இவ்வளவும் கேட்ட அன்பர்கள் செயலிற் கொள்ளத்தக்கன சில உள. புரட்டாசியில் மட்டும் விலக்குவோர், அத்திங்கள் முடிந்த மறுநாளே விட்டதற்கெல்லாம் ஈடு செய்வதுபோல் உண்ணாது, மேலும் ஒரு நாளை, ஒரு திங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். என்றும் சைவ உணவே உண்போர், ஒரு பசுவின் முதுமைக்கோ, தெருவில் அடிபட்ட உயிரின் மருந்துக்கோ இயன்றதை அளிக்கலாம்; அதுவே ஐந்தாம் சாதனம். பருப்பு, பயறு, கீரை, காய், கனி ஆகியவை அளவோடு அமைந்தால் உடலுக்குக் குறையில்லை. பாலையும் அறவே நீக்குவோர் பி12 உயிர்ச்சத்துக் குறித்து மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். நோயாளரையும் சூல்கொண்ட மகளிரையும் குழந்தைகளையும் எவரும் வற்புறுத்தலாகாது. அன்பால் வரவேண்டிய அறம் அச்சத்தால் வருமாயின் நிலையாது.

உயிர்கள் அனைத்தும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை. நாம் உண்பது அவனுக்கு அமுது செய்விக்கத் தகுந்ததா என்று ஒவ்வொரு வேளையும் நினைப்போமாயின், இலையில் இடத்தக்கது எது, தகாதது எது என்பது தானே விளங்கும். அவன் கேட்பவை இலையும் பூவும் கனியும் நீருமே என்று கீதையில் அவனே உரைத்திருக்கிறான். அவ்வெளிமைக்கு இசைந்த வாழ்வும், எவரையும் இகழாத நெஞ்சும் இத்திருவிழாவில் நாம் பெறும் பிரசாதமாகுக!

சுபம்