பெல்ட் டிரைவா, டைரக்ட் டிரைவா? முதல் டர்ன்டேபிள் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பரணில் தாத்தாவின் இசைத்தட்டுகள் கிடக்கின்றனவா? தூசி தட்டிக் கீழே இறக்குங்கள். எந்த பிளேயர் வாங்குவது என்பதைப் பாதிக்கு மேல் அந்தத் தட்டுகளே முடிவு செய்துவிடும். தாமல் மாதிரி, தறிச் சத்தமும் நெடுஞ்சாலை லாரிகளும் ஓயாத ஊர்களில் இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: தட்டின் வேகத்தைப் பாருங்கள்

கனமாக, கீழே விழுந்தால் உடைவதாக, ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டு மட்டும் இருந்தால் அது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 78 வேகத் தட்டு. பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்துப் பாட்டுகள் அதில்தான் வந்தன. எம்.எஸ். பாடிய 1963 சுப்ரபாதம், இளையராஜாவின் 1986 'ஹவ் டு நேம் இட்' போன்றவை 33⅓ வேக எல்.பி.

பெல்ட்டில் ஓடும் ஆடியோ டெக்னிக்கா எல்.பி.60எக்ஸ், 33⅓, 45 இரண்டுக்கு மட்டும்தான். அதே நிறுவனத்தின் டைரக்ட் டிரைவ் எல்.பி.120எக்ஸ் 78-ம் ஓட்டும். ஆனால் 78 தட்டின் பள்ளம் அகலமானது. சாதாரண ஊசி அதன் அடியில் போய் உரசும். அதற்கென்று தடித்த ஊசி தனியாக வாங்கி மாற்ற வேண்டும். 78 ஓடும் என்று மலிவாக விற்கும் சூட்கேஸ் ரகத்தை மட்டும் தொடாதீர்கள். அதன் ஊசி அழுத்தம் அதிகம். நல்ல தட்டைத் தேய்த்துவிடும்.

படி 2: இரண்டும் சுற்றும் விதம்

பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக இருக்கும். ரப்பர் பெல்ட் சுழல்தட்டை இழுத்துச் சுற்றும். மோட்டாரின் அதிர்வைப் பெல்ட் பெரும்பாலும் விழுங்கிவிடும். 1961-ல் எட்கர் வில்ச்சூர் அமெரிக்காவில் வெளியிட்ட ஏ.ஆர். பிளேயர் இந்த முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சிலேயே சுழல்தட்டு உட்காரும். ஜப்பானின் டெக்னிக்ஸ் 1970-ல் எஸ்.பி.10 மாடலையும் 1972-ல் எஸ்.எல்.1200 மாடலையும் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ளவை, மின்சாரம் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாமல் சுற்றும்.

படி 3: சுருதியால் சோதியுங்கள்

நமக்கு இதுதான் முக்கியம். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் நாலரைக்கு வந்துவிடுவார். ஒரே சீராக இறங்கினால் கேட்கவாவது முடியும். தளர்ந்த பெல்ட் வழுக்கும்போது வேகம் ஏறி ஏறி இறங்கும். தம்புரா அலைய ஆரம்பிக்கும். வீணையின் நீண்ட நாதத்திலும் ஆலாபனையிலும் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. டிரம்ஸ் நிறைந்த சினிமாப் பாட்டில் அது காதில் படாமல் போகலாம். அதனால் கடையில் ஆலாபனை உள்ள தட்டைப் போட்டுத் தம்புராவை மட்டும் கவனியுங்கள். சுழலும் தட்டின் மேல் செல்போனை வைத்து வேகம் அளக்கும் செயலிகளும் இருக்கின்றன, 33.33-க்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கர்நாடக சங்கீதமே பிரதானம் என்றால் என் தேர்வு டைரக்ட் டிரைவ். எல்.பி. மட்டும் இருக்கிறது, கையில் பணம் குறைவு என்றால் பெல்ட் தாராளமாகப் போதும்.

படி 4: தறி இருக்கும் வீட்டில்

குழித்தறியில் ஊடையை நெருக்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஊசிக்கு வந்து சேரும். ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயர் அதைப் பலநூறு மடங்கு பெருக்கும்போது தரை அதிர்வும் சேர்ந்தே பெருகும். பெல்ட் தடுப்பது மோட்டார் அதிர்வை மட்டும்தான், தரையினுடையதை அல்ல. எனவே தறிக்கு எதிர்ப்பக்கச் சுவரில் பலகை அடித்து, ரப்பர் துண்டுகளின் மேல் ஒரு கிரானைட் பலகை வைத்து, அதன்மேல் பிளேயரை வையுங்கள். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்கவே கூடாது.

படி 5: பூட்டுதல்

எல்.பி.60எக்ஸ்-ல் பெல்ட்டோடு ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கும். சுழல்தட்டின் ஓட்டை வழியாகத் தெரியும் பித்தளைக் கப்பிக்கு அதைப் பிடித்து இழுத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டு, ரிப்பனை உருவிவிடுங்கள். பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

எல்.பி.120எக்ஸ்-ல் ஊசி அழுத்தத்தை நீங்களே வைக்க வேண்டும். பின்னால் உள்ள எடைக்குண்டைத் திருகி, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் தராசுக் கோல் போல் அந்தரத்தில் சமமாக நிற்கச் செய்யுங்கள். குண்டை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து 2 கிராம் வரும்வரை திருகுங்கள். 78 ஊசிக்கு இது 5 கிராம்.

படி 6: பராமரிப்பு

தட்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள். சித்திரை வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பெல்ட் சில ஆண்டுகளில் தளரும், மாற்றுப் பெல்ட் விலை குறைவுதான். பழைய தட்டுகளுக்குச் சென்னை சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வணிக வளாகத்தில் தேடிப் பாருங்கள். வாங்கும் முன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த டிரைவிலும் அது 'டக்' 'டக்' என்றுதான் பாடும்.