பாடம் 7: ஒரு நாள் தொண்டு

நுழையும்முன்
வேலைக்கு ஊதியம் உண்டு. தொண்டுக்கு ஊதியம் இல்லை. இவ்விரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும்? இப்பாடம் அதனை எடுத்துரைக்கிறது.

தொண்டு நாள்
சில நிறுவனங்கள் தம் பணியாளருக்கு ஆண்டுதோறும் ஓரிரு நாள்களைத் தொண்டுக்கென ஒதுக்குகின்றன. அந்நாளில் பணியாளர் அலுவலகம் செல்லாமல் பள்ளிக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, உழவரின் நிலத்துக்கோ சென்று உதவுவர். அந்நாளுக்குரிய ஊதியம் குறையாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சட்டம் கேட்பது பணத்தை; நாளைக் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம்.

சிற்றுழவர் நிலம்
2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நில உடைமைகளில் நூற்றுக்கு 86, இரண்டு எக்டேருக்கும் குறைந்தவை. இரண்டு எக்டேர் என்பது ஏறத்தாழ 5 ஏக்கர். இத்தகைய நிலங்களில் கைவேலையே மிகுதி. பருவம் வந்தால் எல்லா வயல்களுக்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படும்.

மகாராஷ்டிர மாநிலத்தின் புணே நகருக்கு மேற்கே உள்ள முள்சி, மாவல் வட்டங்களில் மழைக்காலத்தில் நெல் பயிராகிறது. மணம் மிக்க இந்திராயணி நெல் அங்குப் புகழ்பெற்றது. கணினி நிறுவனங்கள் நிறைந்த ஹிஞ்சவடியும் முள்சி வட்டத்திலேயே உள்ளது. மடிக்கணினியும் நாற்றுமுடியும் அங்கு அண்டை வீட்டாரே.

நடவு எளிதா?
நாற்று நடுவது காண்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. 21 முதல் 25 நாள் வளர்ந்த நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக நட வேண்டும். ஆழமாக நட்டால் தூர் கட்டுவது குறையும். மேலாக நட்டால் மழைநீரில் மிதந்துவிடும். பழகிய பெண்கள் பின்னோக்கி நகர்ந்தபடியே வரிசை பிறழாமல் நடுவர். பழகாதவர் நட்டால் நாற்று சாயும். மறுநாள் அதே இடத்தில் மீண்டும் நட நேரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நடவுக்கூலியை நம்பி வாழும் மகளிர் பலர். கூலியின்றி நடுவதற்கு நகரத்தார் வந்தால், அவர்களுடைய அன்றைய வருவாய் போய்விடும். ஒருவர்க்குச் செய்யும் உதவி மற்றொருவர்க்கு இழப்பாகலாம்.

எது பொருந்தும்?
மகாராஷ்டிரத்தில் ‘சிரமதான்’ என்னும் உழைப்புக்கொடை வழக்கம் உண்டு. பானி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2016இல் நீர்ச் சேமிப்புப் போட்டியைத் தொடங்கியது. ஊர்மக்கள் கோடையில் மழைநீரைத் தேக்கும் குழிகளையும் வரப்புகளையும் அமைத்தனர். 2018 மே 1 அன்று நகரத்தாரும் திரளாகச் சென்று மண் சுமந்தனர். அங்குப் பழகாத கையும் பயன்பட்டது. பயிர் எதுவும் மிதிபடவில்லை.

ஆகவே, வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் உழவரே. வரப்பைச் சீர்செய்தல், கல் பொறுக்குதல், உரக்குழி தோண்டுதல் ஆகியவை புதியவர்க்கு ஏற்றவை. அரசுத் திட்ட விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும், வரவுசெலவுக் கணக்கை எழுதித் தருவதும் அலுவலர் நன்கு அறிந்த வேலைகள். வருவோர் தம் உணவைத் தாமே கொண்டு செல்வது முறை.

தொண்டு செய்ய வந்தவர்க்கு அன்றைய ஊதியம் உண்டு. அவர்களுக்குக் கற்பிப்பதற்காகத் தம் வேலையை நிறுத்திய உழவருக்கும் நடவுப் பெண்ணுக்கும் ஊதியம் தருபவர் யார்? இக்கேள்வியை முன்பே கேட்டு, அந்தக் கூலியையும் கொடுக்கும் நிறுவனமே தொண்டு நாளை முழுமையாக்குகிறது.

சொற்பொருள்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
நாற்றுமுடி – பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டு
தூர் கட்டுதல் – ஒரு பயிரின் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்தல்
வரப்பு – வயலின் எல்லையாக அமைந்த மண்மேடு

பயிற்சி
அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. இரண்டு எக்டேர் என்பது ஏறத்தாழ ______ ஏக்கர்.
2. உழைப்புக்கொடையை மகாராஷ்டிரத்தில் ______ என்பர்.

ஆ. பிரித்து எழுதுக.
அந்நாளில், சிற்றுழவர், இவ்விரண்டும்

இ. விடை எழுதுக.
1. நாற்றை ஆழமாக நடக்கூடாது. ஏன்?
2. நகரத்தார் கூலியின்றி நடுவதால் யாருக்கு இழப்பு? எவ்வாறு?
3. உம் பெற்றோரின் அலுவலகம் ஒரு தொண்டு நாள் தந்தால், உழவருக்கு எவ்வாறு உதவலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. வீட்டில் கேட்டறிக.
உம் தாத்தா பாட்டியின் ஊரில் எந்த மாதத்தில் நடவு நடக்கும்? அவர்கள் கூறும் வேளாண்மைச் சொற்கள் ஐந்தினைத் தொகுத்து வருக.