தூங்குகிற கிழங்கை எழுப்பாதீர்கள்

செங்காந்தள் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

பட்டினப்பாக்கத்தில் கடல் இரைச்சல் கேட்கிற மொட்டை மாடியில் இருபத்தைந்து வருடமாகச் செங்காந்தள் வளர்த்து வருகிறேன். கார்த்திகை மாதம் மாடிக்கு வருகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு கிழங்கு கொடுங்கம்மா" என்று கேட்பார்கள். கொடுப்பேன். அடுத்த ஆடியில் விசாரித்தால் பாதிப் பேர், "அது அப்பவே செத்துப்போச்சும்மா" என்பார்கள். துருவிக் கேட்டால்தான் தெரியும், செடி சாகவில்லை, தூங்கப் போயிருக்கிறது. தூங்கிய கிழங்குக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகவைத்திருப்பார்கள். அல்லது தொட்டி காலி என்று நினைத்து மண்ணைக் கொட்டிவிட்டுக் கத்திரி நட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இப்போது எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

1. முதலில் நஞ்சைத் தெரிந்துகொள்ளுங்கள். செங்காந்தளின் இலை, தண்டு, பூ, விதை எல்லாமே விஷம். கிழங்கும் விதையும் கொடிய விஷம். அதில் இருக்கும் கொல்கிசின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் 'கவுட்' என்கிற மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. அளவு மீறினால் உயிரை எடுக்கிறது. சர்க்கரைவள்ளி என்று நினைத்தும், ஏதோ காட்டுக்கிழங்கு என்று நினைத்தும் அவித்துத் தின்று இறந்தவர்கள் இங்கேயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் விஷம் போகாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடி இப்போது வேண்டாம். நான்கைந்து வருடம் பொறுத்து வளருங்கள். நாய், பூனை, ஆடு, மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைக் கத்தி இதன் பக்கமே வரக்கூடாது. யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், கையில் அந்தச் செடியின் துண்டையும் எடுத்துப் போங்கள். முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். அதை நம்பக் கூடாது.

2. பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். கிழங்கு ஏர் வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. கண்வலிக் கிழங்கு என்றும் ஒரு பெயர் உண்டு. பெயரைக் கேட்டுக் கண்ணுக்கு மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு, ஆனால் அது சுத்தி செய்யத் தெரிந்த, படித்த வைத்தியர் கையில் இருக்க வேண்டிய சரக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது இதுதான். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் இதன் பூவைத்தான் உவமை சொன்னார்கள். நம் மாநிலப் பூவும் இதுவே. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் தேசியப் பூ. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த லத்தீன் பெயர் குளோரியோசா சூப்பர்பா. கிழங்கு விற்கிறவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு லில்லியைக் கொடுத்து அனுப்ப மாட்டார்.

3. கிழங்கு வாங்கும்போது நுனியைப் பாருங்கள். கலப்பையின் இரண்டு கைகளிலும் நுனிக்கு ஒன்றாக முளை இருக்கும். அந்த முளை ஒடிந்தால் அந்தக் கையிலிருந்து செடி வராது. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. அதனால் பையில் போட்டு உலுக்கிக்கொண்டு வராதீர்கள். தேங்காய் நாருக்குள் வைத்து முட்டையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவாருங்கள். கை விரல் பருமனாவது இருக்கட்டும், தொட்டால் கெட்டியாக இருக்கட்டும். சுண்டுவிரலை விடச் சின்னது முதல் வருடம் இலையோடு நின்றுவிடும். விதை போட்டு வளர்க்க ஆசைப்பட்டால் முளைக்கவே மாதக்கணக்காகும், பூவைப் பார்க்க மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். காட்டிலும் கடற்கரைப் புதரிலும் தானாக வளர்வதைத் தோண்டாதீர்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அது அருகிப்போனது. அரவக்குறிச்சி, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் இதை வயலில் பயிராகவே வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்த கிழங்கே நமக்குப் போதும்.

4. மண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மணல் என்றதும் நம் ஆட்கள் கீழே இறங்கிக் கடற்கரையில் ஒரு வாளி அள்ளி வந்துவிடுகிறார்கள். அதில் உப்பு இருக்கிறது, வேண்டாம். தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். தொட்டி ஓரடி அகலம், ஓரடி ஆழம் இருக்கட்டும். அடியில் நான்கு ஓட்டையாவது வேண்டும். ஓட்டையை உடைந்த ஓட்டுச் சில்லால் மூடுங்கள்.

5. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடி மாதம் கிழங்கைப் படுக்கவைத்து, மூன்று அங்குலம் மண் மூடுங்கள். முளை இருக்கும் நுனி சற்றே மேல்நோக்கி இருக்கட்டும். ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டு, மண் மேலே காய்ந்தபின் மறுபடி ஊற்றினால் போதும். மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. நான்காவது வாரம்கூடத் தெரியாமல் போகலாம். விரலை விட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். என் முதல் கிழங்கை நான் அப்படித்தான் இழந்தேன். பார்க்கத் தோண்டிய விரலே முளையை ஒடித்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலித்தது.

6. கடல் காற்றுக்கு ஒரு மறைவு கொடுங்கள். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால் காற்றில் எவ்வளவு உப்பு என்று புரியும். இளம் இலையில் அந்த உப்பு படிந்தால் நுனி கருகும். தண்ணீர்த் தொட்டிக்கோ கைப்பிடிச் சுவருக்கோ மேற்கே, காலை வெயில் எட்டிப் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நம் பக்கம் பல வீடுகளில் உப்புக் கரிக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் அடையாளம். குடிநீர் வாரியத் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ கொடுங்கள்.

7. பிடித்து ஏற ஏதாவது கொடுங்கள். இது கொடி, ஆனால் மல்லிகையைப்போலத் தண்டைச் சுற்றி ஏறாது, அவரைபோலவும் சுற்றாது. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருள் கம்பியாக நீண்டு, எட்டியதைப் பற்றிக்கொள்ளும். தடித்த மூங்கில் அந்தச் சுருளுக்குள் அடங்காது. ஈர்க்குச்சி, வேலிக் குச்சி, மெல்லிய கம்பி, வலை என்று ஒல்லியானவை வேண்டும். கொங்கு நாட்டு வயல்களில் முன்பு கிளுவையை நட்டு அதில் ஏற்றினார்கள், இப்போது கம்பி கட்டி ஏற்றுகிறார்கள். மாடியில் ஆறடி உயரப் பந்தல் போதும். குச்சிகளைக் கிழங்கு வைக்கும்போதே நட்டுவிடுங்கள். பிறகு குத்தினால் கிழங்கில் குத்தும்.

8. ஐப்பசி மழைக்குத் தயாராக இருங்கள். மழை பெய்தால் செடிக்குச் சந்தோஷம்தான். ஆனால் சென்னையின் அடைமழையில் தொட்டிக்குள் தேங்குகிற தண்ணீர் இரண்டே நாளில் கிழங்கை அழுகவைக்கும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். மழை விட்ட மறுநாள் ஒவ்வொரு தொட்டியின் ஓட்டையிலும் குச்சி விட்டுப் பாருங்கள்.

9. புழுவைக் கையால் எடுங்கள். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி போட்ட ஒரு புழு இந்தச் செடியைத் தேடியே வரும். நமக்கு விஷமான இலைதான் அதற்குச் சாப்பாடு. ஒரே ராத்திரியில் கொடியை மொட்டையாக்கும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குச்சியால் தட்டி எடுத்துவிடுங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும்.

10. பூவைப் பறிக்க அவசரப்படாதீர்கள். மொட்டு தலை கவிழ்ந்து பச்சையாகத் தொங்கும். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடியும்போது மஞ்சள் தெரியும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். கடைசியில் பூ முழுவதும் குங்கும நிறமாகிவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே நேரத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்று கீழே அகல் வரிசை, மேலே இந்தச் சுடர் வரிசை. சூல்தண்டு பூவிலிருந்து செங்குத்தாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. வயலில் காலை வேளையில் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். விதைதான் அவர்களுக்கு வருமானம். வீட்டுக்குக் காய் தேவையில்லை. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் செடியின் பலம் கிழங்குக்கு இறங்கும், குழந்தைகளைக் கவரும் சிவப்பு விதையும் உண்டாகாது. சாமிக்கு வைத்தால் தீர்த்தத்திலும் பிரசாதத்திலும் படாமல் வையுங்கள்.

11. தை பிறந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். இலை மஞ்சளாகும், கொடி காயும். இங்கேதான் எல்லோரும் பதறுகிறார்கள், உரம் போடுகிறார்கள், இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். இலை மஞ்சளாகும்போது தன் சத்தையெல்லாம் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நட்ட கிழங்கு சுருங்கி மறைந்து, அதன் இடத்தில் புதிய கலப்பை ஒன்று உருவாகியிருக்கும். கொடி முழுவதும் காய்ந்தபின் அறுத்துவிட்டு, தொட்டியை மழை படாத நிழலில் வையுங்கள். மாசியிலிருந்து ஆனி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். வருடத்தில் பாதி இந்தச் செடிக்குத் தூக்கம். அந்தப் பாதியை நீங்கள் காத்தால்தான் மறு பாதியில் பூ. தொட்டியின்மேல் 'கிழங்கு இருக்கிறது, தண்ணீர் ஊற்றாதீர்கள், விஷம்' என்று பெயின்டால் எழுதுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாயாலும் சொல்லுங்கள்.

12. ஆனிக் கடைசியில் மண்ணைத் தரையில் கவிழ்த்து, கிழங்கை எடுத்துப் பாருங்கள். கலப்பையின் இரண்டு கைகளும் தடித்திருந்தால் நடுவில் பிரித்து இரண்டு செடியாக்கலாம். வெட்டிய இடத்தில் விறகுச் சாம்பலைத் தடவி நான்கு நாள் நிழலில் உலர்த்துங்கள். புது மண்ணில் நடுங்கள். மிஞ்சியதைக் கொடுங்கள், ஆனால் விஷம் என்று சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் கிழங்கோடு ஒரு சீட்டும் கொடுக்கிறேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது என் செங்காந்தள் பூத்திருந்தது. சாயங்காலம் மாடிக்குப் போனால் பந்தல் பறந்துவிட்டிருந்தது. கொடி தரையோடு அறுந்து, பூக்கள் தண்ணீரில் மிதந்தன. முருங்கை முறிந்து கிடந்தது, கறிவேப்பிலை வேரோடு சாய்ந்திருந்தது. காந்தள் தொட்டி மட்டும் சுவரோரம் அசையாமல் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லாததுபோல. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அந்தத் தொட்டியை மட்டும் தூக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ஏழு மாதம் தொடவில்லை. ஆடியில் நட்டு, ஆவணி முதல் வாரத்தில் போய்ப் பார்த்தேன். பென்சில் முனை மாதிரி இரண்டு பச்சைக் கூர் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன.

உங்களுக்கு நான் கொடுக்கிற கிழங்கு அந்தத் தொட்டியின் வழியில் வந்தது. தை மாதம் அது காயும்போது பயந்து எனக்கு ஃபோன் செய்வீர்கள். அப்போதும் இதையேதான் சொல்வேன்: விடுங்கள், தூங்கட்டும்.