பழைய டிராக்டரில் டாப்பட் கவர் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் முறைகள்

உங்கள் டிராக்டர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்ததாயின், எஞ்சினின் உச்சியில் உள்ள தகட்டு மூடியைச் சுற்றிக் கருத்த ஈரமும் அதன்மேல் அப்பிய புழுதியும் இருக்கக் காண்பீர்கள். மெக்கானிக்குகள் டாப்பட் கவர் என்றும் வால்வு கவர் என்றும் கூறுவது இம்மூடியைத்தான். ‘பழைய வண்டி என்றால் கசியத்தான் செய்யும்’ என்று பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. நான் உழவியல் கற்பிப்பவன்; பொறியியல் வல்லுநன் அல்லன். பண்ணைப் பொறுப்பில் இருந்தபோது நட்டப்பட்டுக் கற்றதையே இங்குத் தருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சம்பாப் பருவத்தில் எங்கள் பண்ணை டிராக்டரின் இம்மூடியில் கசிவு இருந்தது. ஓட்டுநர் இருமுறை சொன்னார். ‘சேற்றுழவு முடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்’ என்று நான்தான் தள்ளி வைத்தேன். அவர் நாள்தோறும் காலையில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்து, குறைந்த எண்ணெயை ஊற்றி ஓட்டி வந்தார். அவர் விடுப்பில் சென்ற மூன்று நாட்களில் வண்டியை ஓட்டியவருக்கு இவ்வழக்கம் தெரியாது. எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரும் பழுது. மூன்றாம் நாள் பிற்பகலில் கனெக்டிங் ராடு பேரிங் உருகி, சேற்றின் நடுவே எஞ்சின் நின்றது. வண்டி திரும்பி வர ஒன்பது நாட்களாயின. 25 முதல் 30 நாட்களில் நட வேண்டிய மத்திய கால ரக நாற்றை, 38 நாட்களானபின் நட்டோம். அவ்வயலில் தூர் வெடித்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மில்லி லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 20 சொட்டு ஆகும். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 360 சொட்டு, அதாவது 18 மில்லி. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 144 மில்லி. பத்து நாள் உழவில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் போய்விடும். மூன்று சிலிண்டர் டிராக்டர்கள் பலவற்றின் எஞ்சினில் இருப்பதே 6 முதல் 8 லிட்டர்தான். இதுவன்றி, கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயின் மீது வழிவதும் உண்டு. வைக்கோல் தூசு படியும் கதிரடிப்புக் காலத்தில் இது தீப்பற்றும் நிலையாகும்.

கசிவின் இடத்தைக் கண்டறிதல்

மேலிருந்து வழிவதெல்லாம் டாப்பட் கவர் கசிவு என்று முடிவு செய்யாதீர்கள். இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டு செல்லும் மெல்லிய குழாயின் இணைப்புத் தளர்ந்தாலும், அவ்விடம் ஈரமாகிப் புழுதி அப்பிக்கொள்ளும். முதலில் எஞ்சின் ஆறியபின் மேற்பகுதியை டீசலில் நனைத்த பிரஷ்ஷினால் கழுவி, துணியால் துடைத்து, நன்கு உலர விடவும். பின்னர் மூடியின் விளிம்பு முழுவதும் சாக்குக்கட்டித் தூளை மெல்லத் தூவி, அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டுக. தூள் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுவே கசியும் இடம். எங்கள் ஓட்டுநர் சாக்குக்கட்டிக்கு அலையாமல், வண்டியில் இருந்த திருநீற்றையே தூவினார். அதுவும் நன்றாகவே காட்டிற்று.

முதலில் பிரீதரைப் பாருங்கள்

பேக்கிங்கை மாற்றியும் இரண்டே மாதத்தில் மீண்டும் கசிகிறது என்பது பல உழவர்கள் கூறும் குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் பேக்கிங் அன்று. எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழ்ப்பகுதிக்கு வருவது இயற்கை. அது வெளியேறுவதற்கென்றே பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் உள்ளது. சில எஞ்சின்களில் இது டாப்பட் கவரிலேயே அமைந்திருக்கும். சிலவற்றில் எஞ்சினின் பக்கத்தில் இருக்கும். இக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயை எந்தச் சந்தில் இடம் கிடைக்கிறதோ அந்தச் சந்தின் வழியே தள்ளும். மேல்மூடியின் விளிம்புதான் முதலில் விட்டுக் கொடுக்கும்.

நம் வயல்களில் பிரீதர் அடைபடக் காரணங்கள் பல. சேற்றுழவில் குழாயின் வாயில் சேறு அப்பி இறுகும். உள்ளே கம்பி வலை உள்ளதாயின் எண்ணெய்ப் பசையும் உமித்தூசும் சேர்ந்து கெட்டிப்படும். வண்டி வேலையின்றி நிற்கும் கோடையில் குளவி அதனுள் மண்கூடு கட்டிவிடுவதும் உண்டு. ஆகவே பருவத் தொடக்கத்தில் குழாயைக் கழற்றி, டீசலில் ஊறவைத்துக் கழுவி, மறுமுனையில் காற்றுத் தடையின்றி வருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். குழாயிலிருந்து எண்ணெய்ப் புகை வருகிறது என்று அதன் வாயில் துணியை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கேடான வேலை வேறில்லை.

பிரீதர் சுத்தமானபின், எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் கவலையில்லை. நீராவி எஞ்சினைப் போல் குப்குப் என்று புகை வேகமாக வந்தால் ரிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்நிலையில் புதிய பேக்கிங் சில நாட்களுக்கே தாங்கும். ரிங் வேலைக்குப் பணம் ஒதுக்குவதே முறை. அதுவரை காலையும் பிற்பகலும் அளவுக் கம்பியைப் பார்த்தே வண்டியை எடுக்கவும். அளவுக் கம்பியின் மேல்கோட்டிற்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் தவறு. மிகையான எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்துச் சிதறி, நுரைக்கச் செய்யும்.

பேக்கிங் மாற்றும் முறை

பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் கார்க் பேக்கிங்கே இருக்கும். சூட்டில் கார்க் நாளடைவில் வறண்டு, சுருங்கி, பிஸ்கட் போல் உடையும். கடையில் நெடுநாள் இருந்த புதிய கார்க் பேக்கிங்கும் சுருங்கியிருக்கலாம்; போல்ட் துளைகள் ஒத்து வராவிடில் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நனைத்தால் பழைய அளவிற்கு மீளும். துடைத்து உலர்த்திய பின்னரே மாட்டவும்.

எஞ்சின் முழுதும் ஆறியபின் மூடியைக் கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றுப்புறத்தைக் கழுவத் தவறாதீர்கள். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், கசிவைவிடப் பெரிய தீங்கு செய்யும். மூடி ஒட்டிக்கொண்டால் கட்டைச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுக. ஸ்குரு டிரைவரைச் செருகி நெம்பினால் விளிம்பு வளையும். பழைய பேக்கிங் துணுக்குகளைச் சுரண்டும்போது, உள்ளே எண்ணெய் இறங்கும் துளைகளைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் அத்துணியை எடுத்துவிட்டோமா என்று இருமுறை பாருங்கள்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை. தகட்டு மூடியைக் கவிழ்த்து அதன் விளிம்பின் மீது நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால், போல்ட் துளைகளைச் சுற்றிய இடம் பேக்கிங் பக்கமாகப் புடைத்திருப்பது தெரியும். இது இத்தனை ஆண்டுகளாக இறுக்கி இறுக்கி நாமே செய்த குற்றம். கசிகிறது என்று இறுக்குகிறோம். துளையருகே தகடு குழிந்து, இரு துளைகளுக்கு இடையே தூக்கிக்கொள்கிறது. அங்கே மேலும் கசிகிறது. விளிம்பை வன்மரக் கட்டையின் மேல் வைத்து, புடைப்பைச் சிறு சுத்தியால் தட்டிச் சமன் செய்க. அலுமினிய மூடியாயின் தட்டக் கூடாது, உடைந்துவிடும்.

இரு முகங்களையும் பெட்ரோல் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைக்கவும். கார்க் பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் பேக்கிங் பசையால் ஒட்டி, சிறிது உலர விடுங்கள். எஞ்சின் பக்கம் பசை வேண்டாம். மறுமுறை கழற்றுகையில் பேக்கிங் கிழியாமல் வரும். வார்ப்பு ரப்பர் பேக்கிங்குக்கு எப்பக்கமும் பசை தேவையில்லை. சிலிக்கான் பசையைத் தடிப்பாகப் பிதுக்கிப் பூசுவதை நான் ஏற்பதில்லை. உட்புறம் பிதுங்கியது துண்டாகி எண்ணெய்க்குள் விழுந்து, பம்பின் சல்லடையை அடைக்க இடமுண்டு.

போல்ட்டுகளை எல்லாம் கையால் திருகியபின், நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி மாறி மாறி இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குக. ஸ்பேனரின் கடைமுனையைப் பிடித்து இழுக்காதீர்கள். தலையருகே இரு விரலால் பிடித்துத் திருப்பும் வலுவே போதும். கார்க் சற்று நசுங்கியதும் நிறுத்திவிடவும். மேல்புறம் நட்டுகள் உள்ள வகையாயின் அவற்றின் கீழுள்ள வாஷர்களையும் மாற்ற வேண்டும். நட்டின் வழியே கசிவதைப் பேக்கிங் தடுக்காது. எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் ஒருமுறை இறுக்கம் பார்க்கவும். அதன்பின் ஸ்பேனர் கொண்டு அப்பக்கம் போக வேண்டாம்.

மூடி திறந்திருக்கும் அன்றே வால்வு இடைவெளியையும் உங்கள் வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்குச் சரிபார்த்துவிடுங்கள். அதற்கென்று மறுபடி திறந்தால் மறுபடி பேக்கிங் வேண்டும். கழுவிய டீசலையும் எண்ணெயையும் வாய்க்காலில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து வையுங்கள். நாற்றங்காலுக்குப் பாயும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைப் பார்த்துவிட்டு, நாற்று ஏன் கருகிற்று என்று இலையைக் கிள்ளிக்கொண்டு என்னிடம் வந்தவரும் உண்டு.